மூப்பர் என்றொரு பையன், சகோதரி என்றொரு பெண்

மிஷனரி வரலாறுகளைப் படிக்கும்போது, புறப்பட்டவர் யார் என்று தெரிந்ததும் வீட்டில் யார் இருந்தார் என்று தேடுவது என் வழக்கம். மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுச் சென்றார் என்று ஒரு வரி கிடைக்கும். அந்த ஒரு வரிக்குள் ஒரு பெண்ணின் மூன்று ஆண்டுகள் அடங்கிவிடும்.

மதராசுக்கு வந்த முதல் மோர்மோன் ஊழியர்களில் ஒருவரான ரிச்சர்ட் பாலன்டைன் கதையிலும் அப்படித்தான். 1852 ஆகஸ்டில் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் கூடிய சபை மாநாடு, ஏறக்குறைய நூறு ஆண்களை உலகின் பல திசைகளுக்கு அனுப்பியது. அதே மாநாட்டில்தான் ஓர் ஆண் பல பெண்களை மணப்பது தங்கள் கொள்கை என்று சபை முதன்முதலாக வெளிப்படையாக அறிவித்தது. கையில் பணமில்லாமல், போகிற இடத்தில் கிடைக்கும் சோற்றை நம்பிப் போக வேண்டும் என்பது அவர்களுக்கான விதி. பாலன்டைன் கல்கத்தா வழியாக 1853 ஜூலையில் மதராசுக்கு வந்தார். ஓராண்டு இருந்தார். ஆங்கிலத்தில் ஒரு மாத இதழ் நடத்தினார், எதிர்த்து எழுதிய பாதிரியாருக்குப் பதில் எழுதினார், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1854 ஜூலையில் கப்பலேறிவிட்டார்.

அந்த ஓராண்டில் அவர் மதராசில் அச்சிட்ட துண்டுநூல்களில் ஒன்று, ஏ என்பவருக்கும் பி என்பவருக்கும் பலதார மணம் பற்றி நடக்கும் உரையாடல். என்னைப் பிடித்து நிறுத்தியது அதன் தலைப்புதான். யானைக்கவுனிக்கு உள்ளே, மதில் சூழ்ந்த கறுப்பர் பட்டணத்தில், இரண்டு தாரம் வைத்துக்கொள்ள எந்த ஆணுக்கும் அமெரிக்காவிலிருந்து துண்டுநூல் தேவைப்படவில்லை. மூத்தாள், இளையாள், சக்களத்தி என்று அந்த வீடுகளின் பெண்கள் அதற்கு முழு அகராதியே வைத்திருந்தார்கள். சக்களத்தி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆணே இல்லை. ஒரே கூரையின் கீழ் ஒரே அடுப்பைப் பார்த்து நிற்கும் இரண்டு பெண்கள் மட்டுமே இருக்கிறார்கள். வேதத்தில் இடமுண்டா இல்லையா என்று ஏயும் பியும் வாதிடட்டும். அந்தச் சொல்லோடு வாழ்ந்த ஒருத்தியை சி என்று பெயரிட்டு அங்கே உட்காரவைத்திருந்தால், வேதத்துக்கு வருமுன் அடுப்பைப் பற்றி அவள் கேட்டிருப்பாள்.

பாலன்டைனின் நாட்குறிப்புகள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவர் 1847இல் மணந்த ஹல்டா மெரையா கிளார்க், கணவர் பணமில்லாமல் உலகைச் சுற்றிய 1852 முதல் 1855 வரையான காலத்தில் குழந்தைகளோடு யூட்டா பாலைநிலத்தில் குடும்பம் நடத்தினார். கணவர் கையில் பணமில்லை என்பது தியாகமாகப் பதிவானது. மனைவி கையில் என்ன இருந்தது என்பது குடும்ப விஷயமாகிவிட்டது. திரும்பி வந்த பாலன்டைன் பிறகு மேலும் இரு பெண்களை மணந்தார். ஏ, பி உரையாடலின் மீதிப் பகுதி ஹல்டாவின் வீட்டில்தான் நடந்திருக்க வேண்டும். அதை யாரும் அச்சிடவில்லை.

சபை 1890இல் பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. 1898இல் மணமாகாத இரண்டு பெண்களை ஊழியர்களாக இங்கிலாந்துக்கு அனுப்பியது. பெண் கடைசியில் புறப்பட்டுவிட்டாள் என்று மகிழலாம். ஆனால் எந்த நிபந்தனையில் புறப்பட்டாள்?

இன்றைய ஊழியரின் நாள் பெயரிலிருந்தே தொடங்குகிறது. பதினெட்டு வயதுப் பையன் சட்டையில் பெயர்ப்பட்டையைக் குத்திக்கொண்டதும் 'எல்டர்' ஆகிவிடுகிறான். நம் திருச்சபைத் தமிழில் சொன்னால் மூப்பர். பக்கத்துத் தெருவில் அதே வேலையைச் செய்யும் பெண் 'சிஸ்டர்'. அறுபது வயதில் ஊழியத்துக்கு வந்தாலும் அவள் சிஸ்டர்தான். 2012 வரை ஆண் 19 வயதிலும் பெண் 21 வயதிலும் போகலாம் என்றிருந்தது. அந்த ஆண்டில் அது 18, 19 என்று குறைந்தது, பெண்கள் பெருமளவில் வந்தார்கள். ஆணுக்கு இரண்டு ஆண்டுகள், பெண்ணுக்கு ஒன்றரை ஆண்டு. ஆணுக்கு ஊழியம் கடமை, பெண்ணுக்கு விருப்பம் என்கிறது சபை. பெண்ணின் கடமை வேறெங்கோ, மணவறையில், காத்திருக்கிறது என்று இதை நான் வாசிக்கிறேன்.

காலை ஆறரைக்கு எழ வேண்டும், இரவு பத்தரைக்குப் படுக்க வேண்டும். நடுவில் ஜெபம், படிப்பு, வீடு வீடாக நடை. துணி துவைக்கவும் சாமான் வாங்கவும் வாரத்தில் ஒரு நாள். (பையன்களும் தாங்களே துவைக்கிறார்கள். மணமான பின் அந்த நாள் யாருடைய அட்டவணைக்குப் போகிறது என்று கேட்கத் தோன்றுகிறது.) 2019 வரை வீட்டுக்குத் தொலைபேசியில் பேச ஆண்டில் இரண்டு நாள்தான், கிறிஸ்துமசும் அன்னையர் தினமும். இப்போது வாரம் ஒருமுறை பேசலாம். எப்போதும் இருவராகவே போக வேண்டும். துணை ஊழியரின் கண்ணிலிருந்து விலகக் கூடாது.

இந்தக் கடைசி விதியை வெறும் கண்காணிப்பு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. வால்டாக்ஸ் ரோட்டிலிருந்து சவுக்கார்பேட்டைச் சந்துகள் வரை நடந்து பாருங்கள். கடைக்கு மேல் வீடு, வீட்டு வாசலில் ஒரு கேள்வி: எங்கே கிளம்பிட்டே? கல்லூரி, கோயில், மருத்துவமனை என்று பதில் வைத்திருக்கும் பெண்ணுக்குத்தான் படியிறங்க முடிகிறது. இரண்டு இளம்பெண்கள், எந்த ஆணின் துணையும் இல்லாமல், அறிமுகமில்லாத கதவுகளைத் தட்டி, அந்நியரோடு வாதாடிவிட்டு இருட்டிய பின் வீடு திரும்புவது இங்கே சிறிய விஷயமில்லை. கடவுளின் பெயரைச் சொன்னால்தான் தெரு திறக்கும் என்பது எரிச்சலூட்டுகிறது. அப்படியும் திறக்கிறது.

வடசென்னை இதை முன்பே பார்த்திருக்கிறது. 1888இல் ராயபுரத்தில் மருந்தகம் தொடங்கிய ஸ்காட்லாந்து மருத்துவர் மட்டில்டா மெக்ஃபெயிலின் பெயர் நமக்குத் தெரியும். அது இன்றைய ரெய்னி மருத்துவமனையாக வளர்ந்தது. ஆண் பாதிரியார் நுழைய முடியாத உள்கட்டுகளுக்குள் போய் எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுத்த தமிழ்ப் பைபிள் பெண்கள் பலருக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. கதவைத் திறந்தது அவர்கள் கை. திறந்த பின் அதிகாரத்தோடு நுழைந்தவர் வேறு. தென்னிந்தியத் திருச்சபை 1976இல் பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது, 2013இல் நந்தியாலில் புஷ்பா லலிதாவைப் பேராயராக்கியது. மோர்மோன் சபையில் குருத்துவம் இன்றும் ஆணுக்கு மட்டுமே. ஒருத்தியை வாரக்கணக்கில் சந்தித்து, அவள் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லி, தண்ணீர் வரை அழைத்து வருகிற சிஸ்டர் அந்தத் தண்ணீரில் இறங்க முடியாது. அதற்கு ஒரு மூப்பரைக் கூப்பிட வேண்டும், அவனுக்குப் பதினெட்டு வயதே ஆகியிருந்தாலும்.

2019 அக்டோபரில், ஞானஸ்நானத்துக்குப் பெண்களும் சாட்சியாக நிற்கலாம் என்று சபை அறிவித்தது. உடல் முழுதும் தண்ணீருக்குள் போனதா என்று கரையில் நின்று பார்ப்பது சாட்சியின் வேலை. அதுவரை அந்தப் பார்வைக்கும் குருத்துவம் பெற்ற ஆண்தான் வேண்டியிருந்தது.