இடைக்கோட்டின் அரசியல்

ஸ்பெயினின் கொர்தோபா நகரத்தில் இருக்கிற அந்தக் கட்டடத்தை எப்படி அழைப்பது என்பதிலேயே பிரச்சினை தொடங்கிவிடுகிறது. ஊர்க்காரர்கள் 'மெஸ்கீத்தா' என்கிறார்கள்; பள்ளிவாசல் என்று பொருள். நுழைவுச் சீட்டில் 'மெஸ்கீத்தா-கத்தெத்ரால்', அதாவது பள்ளிவாசல்-பேராலயம். இரண்டு சொற்களுக்கும் நடுவே கிடக்கும் அந்தச் சின்ன இடைக்கோட்டைப் பற்றித்தான் இங்கே பேச நினைக்கிறேன்.

நான் தமிழ் இலக்கியம் படித்தவன், கட்டடக்கலை தெரியாது. ஆனால் ஒரு வாசிப்பைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் போனேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இது அழித்து அழித்து எழுதப்பட்ட பிரதி. ஒரு குரலுக்குள் இன்னொரு குரல். முடிந்த முடிவாக ஒற்றை அர்த்தம் கிடையாது. உள்ளே போனால் இந்த வாசிப்புக்கு வேண்டிய ஆதாரமெல்லாம் வரிசையாக நிற்கிறது. 785-86இல் முதலாம் அப்துர் ரஹ்மான் கட்டத் தொடங்கிய பள்ளிவாசலின் தூண்களில் பல, பழைய ரோமானிய, விசிகோதியக் கட்டடங்களிலிருந்து பெயர்த்து வந்தவை. உயரம் போதாததால் அவற்றின் மேல் வளைவுக்கு மேல் வளைவாக, சிவப்பும் வெளுப்புமாகக் கட்டியிருக்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டில் இரண்டாம் ஹகம் எழுப்பிய மிஹ்ராபில் பொன்னாக மின்னும் கண்ணாடிச் சில்லு வேலைக்கு, பைசாண்டியத்தின் கிறிஸ்தவப் பேரரசரே கைவினைஞரை அனுப்பினார் என்று அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். 1236இல் மூன்றாம் ஃபெர்னாந்தோ நகரைப் பிடித்து அதைத் தேவாலயமாக்கிய பிறகு, கிறிஸ்தவ அரசர்களின் கல்லறைக்காக எழுந்த சிற்றாலயமோ முழுக்க இஸ்லாமியப் பாணிச் சுதை வேலை. ஆக, 'இஸ்லாமியம் / கிறிஸ்தவம்' என்கிற இரட்டை எதிர்வு இங்கே குலைகிறது என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடலாம். நம் சிறுபத்திரிகைகளில் அப்படித்தான் மூடுகிறோம்.

என்னை மூடவிடாமல் செய்தது கூட வந்த நண்பன். கீழக்கரைக்காரன், என்னோடு கல்லூரியில் படித்தவன். மிஹ்ராபுக்கு முன்னால் கம்பித் தடுப்பை ஒட்டி ரொம்ப நேரம் பேசாமல் நின்றான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "மாப்ள, இங்க ஷூவோட நிக்கிறது ஒரு மாதிரியா இருக்குடா."

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். அதுவரை கவனிக்கவே இல்லை. எனக்குப் பிரதியாக இருந்தது அவனுக்குத் தரையாக இருந்தது. முஸ்லிம்கள் அங்கே தொழ அனுமதியில்லை. 2010இல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த சில முஸ்லிம் பயணிகள் தொழ முற்பட்டுக் காவலர்களோடு கைகலப்பானது செய்தியாக வந்தது. 1933இல் போன கவிஞர் இக்பால் அங்கே தொழுகையில் அமர்ந்திருக்கும் புகைப்படம் ஒன்று உண்டு. அவரது 'மஸ்ஜிதே குர்துபா' கவிதை பிறந்தது அந்தப் பயணத்தில்தான். இன்றைக்கு அந்தப் புகைப்படத்தை எடுக்க முடியாது.

பிரதிக்கு வாசகர்கள் இருக்கிறார்கள். கட்டடத்துக்குச் சாவி இருக்கிறது. இந்த வித்தியாசத்தை நம் கோட்பாட்டு மொழி சௌகரியமாக மறந்துவிடுகிறது. 1523இல் பள்ளிவாசலின் நடுப்பகுதியை இடித்துப் பேராலயம் எழுப்ப ஆயர் அலோன்சோ மன்ரீக்கே முனைந்தபோது எதிர்த்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர்; கிறிஸ்தவர்களால் ஆன நகரசபை. இடிக்கிற வேலைக்குப் போகும் கொத்தனுக்கும் தச்சனுக்கும் மரண தண்டனை என்று அறிவித்தார்கள். வழக்கு பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் போனது. அவர் ஆயர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பிற்பாடு வந்து பார்த்து, 'எங்கும் இல்லாததை அழித்துவிட்டீர்களே' என்கிற மாதிரி அவர் வருந்தியதாக ஒரு கதை சொல்லப்படுகிறது. அனுமதி கொடுத்தவனுக்கே ரசனையையும் கொடுத்துவிடுகிற கதை. அதிகாரத்தின் கதையாடல்கள் இப்படித்தான் தம்மைச் சுத்தப்படுத்திக்கொள்கின்றன.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2006இல் மறைமாவட்டம் இந்தக் கட்டடத்தைத் தன் சொத்தாகப் பதிவு செய்தது. பதிவுக் கட்டணம் 30 யூரோ. ஆயர் தரும் சான்றிதழே போதும், வேறு பத்திரம் வேண்டாம் என்று அப்போது சட்டம் இடம் கொடுத்தது; அந்தப் பிரிவு 2015இல்தான் நீக்கப்பட்டது. பார்வையாளர்களுக்கான கையேட்டில் பள்ளிவாசல் என்கிற சொல் பின்னுக்குப் போய், பேராலயம் மட்டும் தலைப்பில் நின்ற சில ஆண்டுகளும் உண்டு. 2014இல் நகரத்தார் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். 2016இல் இடைக்கோடு திரும்பி வந்தது.

இந்தியாவிலிருந்து போகிறவனுக்கு 1992 டிசம்பர் 6 ஞாபகம் வராமல் இருக்காது. 'இங்கே முழுசாக இடிக்கவாவது இல்லையே' என்று மனசு ஓர் ஆறுதலைத் தேடுகிறது. அதையும் சந்தேகிக்க வேண்டும். வெளியே நிற்கும் மணிக்கூண்டுக்குள் பழைய மினாராவின் மிச்சம் இருக்கிறது. அதைச் சுற்றித்தான் கூண்டைக் கட்டியிருக்கிறார்கள். இடிப்பது ஒருவிதக் கைப்பற்றல் என்றால் உள்ளே வைத்துப் பாதுகாப்பதும் இன்னொரு விதக் கைப்பற்றல்தான். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இடிந்ததற்கு முன்னால் நின்று யாரும் ஷூவைப் பற்றி யோசிக்க முடியாது. மிஞ்சியிருப்பதால்தான் கேள்வியும் மிஞ்சியிருக்கிறது.

எனவே அந்த இடைக்கோடு சமரசத்தின் அடையாளம் அல்ல. ஒரு பக்கம் பூசை நடக்கிறது, மறுபக்கம் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. நடுவில் இழுத்தது சமக்குறி இல்லை. ஆனாலும் அது அழியக் கூடாது. வழக்கு முடியவில்லை என்பதற்கு அச்சில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

வெளியே ஆரஞ்சு மர முற்றத்தில், நீரூற்றில் நண்பன் கை, முகம் கழுவினான். வெயிலுக்காகவா, வேறெதற்குமா என்று நான் கேட்கவில்லை. அடுத்த முறை 'பல அடுக்குப் பிரதி' என்று எழுத உட்காரும்போது, அந்தப் பிரதிக்குள் அவன் எங்கே நிற்க அனுமதிக்கப்பட்டான் என்பதை முதல் வரியில் எழுதியாக வேண்டும்.