பிடிக்கவில்லை, ஏனென்றால்…

கண்டவரெல்லாம் நாவலைப் பற்றி அபிப்பிராயம் சொல்லக் கிளம்பிவிட்டார்கள், விமர்சனம் செத்துப்போயிற்று என்று ஒரு புலம்பல் இலக்கிய மேடைகளில் இப்போது நாகரிகமாகிவிட்டது. சொல்பவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படித்தவர்கள். இருந்தாலும் இது தமிழ் நாவலின் வரலாற்றை மறந்த பேச்சு. 1879இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறியதிலிருந்து பார்த்தால், வாசகரின் விருப்பு வெறுப்பு நாவலைக் கெடுத்ததைவிடச் சீர்செய்த தருணங்களே அதிகம். நம் பஞ்சம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நாவல் ஏன் பிடிக்கவில்லை என்பதைக் காரணத்தோடு எழுதுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ராஜமய்யர், மாதவையா காலத்தை எல்லோரும் அறிவார்கள், கடந்துவிடலாம். அதற்கு அடுத்து வந்தவர்களை நம் இலக்கிய வரலாறுகள் ஒரே வரியில் தள்ளிவிடுகின்றன. படவேட்டை அடுத்த ஆரணி தந்த குப்புசாமி முதலியார் அப்படித் தள்ளப்பட்டவர்களில் முதலாமவர். ஆனந்தபோதினியில் ஆசிரியராக இருந்தவர்; ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸின் நாவல்களையும் துப்பறியும் கதைகளையும் தமிழ்ப்படுத்திக் குவித்தவர். கலையழகு தேடி அவரைப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் ரயிலிலும் திண்ணையிலும் கைமாறிப் போன அந்தப் புத்தகங்கள்தான் அடுத்து என்ன ஆகும் என்று கேட்கும் ஒரு கூட்டத்தைத் தமிழில் உண்டாக்கின. வடுவூர் துரைசாமி ஐயங்காரும் 1925 முதல் ‘ஜகன்மோகினி’யை நடத்திய வை.மு. கோதைநாயகியும் அந்தக் கூட்டத்தைப் பெருக்கினார்கள். கல்கிக்குக் கிடைத்த வாசகர் வானத்திலிருந்து குதித்தவர் அல்லர்.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்தது. முடிந்தபோது, இப்படித் திடீரென்று முடித்துவிட்டீர்களே, இன்னார் என்ன ஆனார், அன்னார் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டார்கள்; கல்கி ஒரு முடிவுரையில் அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆசிரியரைக் கூண்டில் நிறுத்திய வாசகர்கள் அவர்கள். அதே நாவலைப் படவேட்டில் இருந்துகொண்டு படிப்பவருக்குக் கேட்க இன்னொரு கேள்வி உண்டு. ஆதித்த கரிகாலன் உயிர்விடும் மாளிகை கடம்பூர்ச் சம்புவராயருடையது. வரலாற்றுச் சம்புவராயர்களோ தொண்டை மண்டலத்துக்காரர்கள். கல்வெட்டுகளில் செங்கேணிச் சம்புவராயர்கள் துலக்கமாகத் தெரிவது 12ஆம் நூற்றாண்டிலிருந்துதான். சோழர் தளர்ந்த பிறகு, இன்றைய படவேடான படைவீட்டைத் தலைநகராக்கி, ராஜகம்பீரன் மலையைக் கோட்டையாக வைத்து ஆண்டு, 14ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் குமார கம்பணரிடம் தோற்றார்கள். கல்வெட்டுகளில் அவர்கள் துலங்குவதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்கு முன்னால், காவிரி நாட்டுச் சதிக் கூடத்தில், கிழட்டுக் கோபக்காரராக அவர்களில் ஒருவரை உட்கார வைத்தது கல்கியின் வசதி. கதைக்கு அது பாதகமில்லை என்று தஞ்சாவூர் வாசகர் சொல்லலாம். படவேட்டு வாசகர் அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவருடைய மனத்தாங்கல் வெறும் ஊர்ப் பற்று அன்று. சரித்திர நாவல் எந்த அளவுக்குச் சரித்திரத்தைக் கடன் வாங்கலாம் என்ற கேள்வியை அது கிளப்புகிறது. எந்தப் பேராசிரியரின் கேள்விக்கும் அது இளைத்ததில்லை.

இதைவிடப் பெரிய சாட்சி ஜெயகாந்தன். 1966இல் ஆனந்த விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ வந்தது. கெடுக்கப்பட்ட மகளைத் தலையில் தண்ணீர் ஊற்றித் தூய்மையானவள் என்று ஏற்கும் தாயைக் கண்டு வாசகர்கள் கொதித்தார்கள். பலர் பழமையில் ஊறிக் கொதித்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கொதிப்பில் ஒரு நியாயமான கேள்வியும் இருந்தது: நம் வீடுகளில் எந்தத் தாய் அப்படிச் செய்வாள்? அதை ஜெயகாந்தன் உதறவில்லை. தாய் ஊரைக் கூட்டிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தார். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ பிறந்தது. கங்கா தன் கதையை வேறு முடிவோடு ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு, அதை எழுதியவரைத் தேடிப் போகிறாள். ஒரு வாசகியின் மறுப்பே அங்கே நாவலாகிறது. 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அந்த நாவலில் பெயர் தெரியாத கடிதக்காரர்களுக்கும் பங்கு உண்டு.

சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழ் நடந்த 1959 முதல் 1970 வரையான காலத்தையே தமிழ் விமர்சனத்தின் பொற்காலம் என்பேன். அந்தக் காலத்து விமர்சனமும் அடிப்படையில் அபிப்பிராயந்தான். விமர்சகர் க.நா.சு. செய்தது என்ன? இது நல்ல நாவல், இது தேறாது என்றார், பட்டியல் போட்டார், பல நேரம் காரணத்தைக்கூட முழுதாகச் சொல்லவில்லை. கைலாசபதி இந்த ரசனை வழியை எதிர்த்துச் சமூகவியல் வழியில் 1968இல் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ எழுதினார். வெங்கட் சாமிநாதன் அதற்குச் சுடச்சுட மறுப்பு எழுதினார். அந்தக் காலம் முடிந்த பிறகும் அதன் சூடு ஆறவில்லை: அகிலனுக்கு 1975ஆம் ஆண்டின் ஞானபீடம் கிடைத்தபோது சுந்தர ராமசாமி ‘போலி முகங்கள்’ என்று எழுதியது பாராட்டுகளுக்கு நடுவே எழுந்த எதிர்க்குரல். இவர்களில் எவரும் நடுநிலைத் தராசைத் தூக்கிக்கொண்டு அலையவில்லை. பிடித்ததைப் பிடித்தது என்றும் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றும் சொல்லி, சொன்னதற்காக வசவு வாங்கினார்கள். க.நா.சு.வின் பட்டியலோடு இன்று பாதிக்கு மேல் உடன்பட முடியாது. ஆனாலும் அவரோடு சண்டை போட்டுத்தான் ஒரு தலைமுறை படிக்கக் கற்றது.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். பிடிக்கவில்லை என்பதற்கு இடம் கொடுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதைத் திருச்செங்கோட்டில் பார்த்தோமே? 2010இல் வந்த ‘மாதொருபாக’னை 2014 டிசம்பரில் எரித்தார்கள், அடுத்த மாதம் பெருமாள்முருகன் தம் எழுத்து வாழ்வு முடிந்ததென்று அறிவித்தார். இந்த அச்சம் நியாயமானது. ஆனால் அங்கே நடந்ததற்கு வாசிப்பு என்று பெயர் வைக்க முடியாது. சில பக்கங்களின் நகலைக் கண்டு திரண்ட கூட்டத்துக்கு நாவல் தேவைப்படவில்லை. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்றது. பிடிக்காவிட்டால் புத்தகத்தை மூடிவைக்கலாமே என்ற பொருளில் சொன்னது. எழுத்தாளரைக் காக்க அது போதும், இலக்கியத்துக்குப் போதாது. மூடிவைத்தவர் ஏன் மூடினேன் என்று சொல்ல ஒரு பழக்கமும் ஒரு மேடையும் வேண்டும். அவை இல்லாத ஊரில்தான் வெறுப்பு தெருவுக்கு வருகிறது.

அந்த மேடை இன்று பொன்னாடை மேடையாகிவிட்டது. நாவல் வெளியீட்டு விழாவில் ஆசிரியர் நடுவில் உட்கார்ந்திருக்க, பேசுகிற ஆறு பேரும் அவருடைய நண்பர்கள். மதிப்புரை என்று வருவதில் முக்கால்வாசி கதைச் சுருக்கம், மிச்சம் வாழ்த்து. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ வந்தபோது எஸ். ராமகிருஷ்ணன் அதைக் கடுமையாக நிராகரித்ததும் ஜெயமோகன் விரிவாகப் பாராட்டியதும் நம் காலத்தின் கடைசி நல்ல சண்டை என்று தோன்றுகிறது. அதிலும் இரு பக்கமும் எழுத்தாளர்களே நின்றார்கள். வாசகர் வேடிக்கை பார்த்தார்.

வாசகருக்கு நாவல் உத்தி தெரியாதே என்பார்கள். தெரியாமல் இருக்கலாம், வேறு சில அவருக்குத் தெரியும். ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ 2004இல் வந்தது, வீரப்பன் தேடுதலின்போது சத்தியமங்கலம் காட்டு மக்கள் பட்ட வதையைச் சொல்வது. அப்படியொரு வதையை ஜவ்வாது மலை மக்களும் அறிவார்கள்: 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் ஜவ்வாது மலையைச் சேர்ந்த திருவண்ணாமலை மாவட்டத்து ஆட்கள். அந்த மலையடிவாரத்தில் இருக்கும் ஒருவர் பாலமுருகனின் நாவலில் எது உண்மையாக ஒலிக்கிறது, எது வெளியாள் பார்வையாக நிற்கிறது என்று சொன்னால், அதைச் சென்னையில் இருக்கும் எந்த விமர்சகரும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஓர் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. போளூரிலும் ஆரணியிலும் அதை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாதத்தில் ஒரு கூட்டத்துக்காவது ஆசிரியரை அழைக்காதீர்கள். வருகிறவர்களிடம் சமீபத்தில் படித்துப் பிடிக்காமல்போன ஒரு நாவலைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்தில், எதனால் மனம் விலகியது என்று அவர்களே எழுதிப் படிக்கட்டும்.