பந்திக்கு முந்தும் ஐபோன்

2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் வந்தபோது ஐபோனில் மட்டும்தான் கிடைத்தது. ஆண்ட்ராய்டுக்காரர்கள் 2012 ஏப்ரல் வரை காத்திருந்தார்கள். வந்த ஒரே நாளுக்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் இறக்கிக்கொண்டார்கள். அடுத்த வாரமே ஃபேஸ்புக் 100 கோடி டாலருக்கு விலை பேசியது. ‘முதலில் ஐபோன், பிறகு ஆண்ட்ராய்டு’ என்ற வழக்கத்துக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேண்டியதில்லை.

வழக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஐபோனில் மாடல்கள் குறைவு. புதிய ஐஓஎஸ் பெரும்பாலான கருவிகளுக்குச் சில மாதங்களில் போய்ச் சேர்ந்துவிடும். ஆண்ட்ராய்டிலோ நூறு கம்பெனி, நூறு திரை அளவு, கைவிடப்பட்ட பழைய பதிப்புகள். நாலு பேர் கொண்ட குழு எதையென்று சோதிக்கும்? காசு விஷயம் இன்னும் கறாரானது. ‘மான்யுமென்ட் வேலி’ விளையாட்டை உருவாக்கிய அஸ்டூ நிறுவனம், ஐஓஎஸ்-இல் நிறுவப்பட்டவற்றில் 40 சதவீதத்துக்கும் ஆண்ட்ராய்டில் வெறும் 5 சதவீதத்துக்கும்தான் பணம் வந்தது என்று 2015இல் சொன்னது. ஒருவரே இரண்டு கருவிகளில் ஏற்றியதும் இந்தக் கணக்கில் உண்டு. ஆனாலும் இடைவெளி சின்னதல்ல.

சிக்கல், நண்பர்கள் இருந்தால்தான் பயன்படும் செயலிகளில் தொடங்குகிறது.

குரல்வழி அரட்டை அறைகளுக்கான கிளப்ஹவுஸ் செயலி 2020இல் தொடங்கியது. ஊரடங்கில் உலகமே பேச்சுத்துணைக்கு ஏங்கிக்கொண்டிருந்த நேரம். அதுவோ ஐபோனுக்குள்ளேயே ஓராண்டு உட்கார்ந்திருந்தது. 2021 மே மாதம் ஆண்ட்ராய்டுக்கு வந்த பிறகுதான் தமிழ், மலையாள அறைகள் களைகட்டின. அதற்குள் ட்விட்டர் ‘ஸ்பேசஸ்’ என்று போட்டிக்கடை திறந்துவிட்டது. ஸ்னாப்சாட் பட்ட பாடு வேறு விதம். 2017இல் பங்கு வெளியீட்டுக்காகத் தாக்கல் செய்த ஆவணத்திலேயே, ஐஓஎஸ்-க்கு முன்னுரிமை தந்ததையும் ஆண்ட்ராய்டுக் கோளாறுகள் வளர்ச்சியைத் தடுத்ததையும் அதன் நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆண்ட்ராய்டுச் செயலியைப் புதிதாக எழுதி வெளியிட 2019 ஆகிவிட்டது.

வாட்ஸ்அப்பும் 2009இல் ஐபோனில்தான் பிறந்தது. ஆனால் அங்கேயே தங்கவில்லை. பிளாக்பெர்ரி, ஆண்ட்ராய்டு, நோக்கியாவின் விலை குறைந்த எஸ்40 என்று மக்கள் கையில் இருந்த போன்களைத் தேடிப் போனது. 2014இல் அதை வாங்க ஃபேஸ்புக் ஒப்புக்கொண்ட விலை 1,900 கோடி டாலர்.

இரண்டு தளங்களுக்கும் தனித்தனியாக எழுத வேண்டிய சுமையும் இப்போது குறைந்திருக்கிறது: ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் போன்ற நிரலாக்கக் கருவிகள் ஒரே நிரலை இரண்டு பக்கமும் ஓடவைக்கின்றன. சோதனை வேலை மட்டும் அப்படியே இருக்கிறது.

காசு கொடுத்து வாங்கும் விளையாட்டுக்கு ஐபோனை முதலில் நிறுத்துவது இன்றும் சரியான கணக்கு. பத்தில் ஒன்பதுக்கு மேல் ஆண்ட்ராய்டு புழங்கும் இந்தியாவில், அரட்டைச் செயலிக்கும் பணப் பரிமாற்றச் செயலிக்கும் அதே வரிசையைப் பிடிப்பது வெறும் பழக்கதோஷம்.