டெஸ்ட் டோஸ் எதைச் சோதிக்கிறது? பேலஸ் ஆய்வை குரோம்பேட்டையில் வைத்துப் படித்தால்

2023இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த பேலஸ் ஆய்வு பற்றிய குறிப்பு இது. ஆய்வின் கேள்வி எளிமையானது. ‘எனக்கு பென்சிலின் ஒத்துக்காது’ என்பவர்களில் ஆபத்து குறைந்தவர்களுக்கு முதலில் தோலில் சோதித்துப் பார்க்கணுமா, இல்லை ஒரு வேளை மருந்தை நேரடியாக வாய்வழியே கொடுத்துக் கண்காணித்தால் போதுமா?

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் 6 மையங்கள், 382 பேர். இரண்டு குழுவிலும் தலா ஒருவருக்குத்தான் ஒவ்வாமை உறுதியானது. கடுமையான பாதிப்பு யாருக்கும் இல்லை. ஆக, தோல் சோதனை இல்லாமலே முத்திரையை நீக்கலாம் என்கிறது ஆய்வு.

ஆபத்து குறைந்தவர் யார் என்பதை பென்-ஃபாஸ்ட் என்ற மதிப்பெண் முறையால் பிரித்தார்கள். ஒவ்வாமை வந்து 5 ஆண்டுக்குள்தானா? 2 புள்ளி. மூச்சுத்திணறலோடு மயக்கம், முகவீக்கம், அல்லது தோல் உரியும் அளவுக்குக் கடுமையான பாதிப்பா? 2. சிகிச்சை தேவைப்பட்டதா? 1. மொத்தம் 3க்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு.

ஆய்வில் எனக்குக் குறை இல்லை. அதை அப்படியே இங்கே இறக்குவதில்தான் சிக்கல்.

முதல் சிக்கல், நம்ம ஊர் ‘டெஸ்ட் டோஸ்’. பேலஸ் ஆய்வின் தோல் சோதனை, அதற்கென்றே தயாரித்த பொருள்களை வைத்து, ஒவ்வாமை இருப்பதாகச் சொன்னவர்களுக்கு மட்டும் செய்தது. இங்கே பல வார்டுகளில் நடப்பது வேறு. போடப்போகும் ஊசிமருந்தையே கரைத்து, முன்கையில் துளி ஏற்றி, சிவக்கிறதா என்று பார்ப்பது. அதுவும் ஒவ்வாமை வரலாறே இல்லாதவர்களுக்கும் சேர்த்து. கரைசல் கொஞ்சம் கெட்டியாக இருந்தாலே தோல் சிவக்கும். உடனே கேஸ் ஷீட்டில் ‘அலர்ஜி’. சிவக்கவில்லை என்றால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. பேலஸ் ஒப்பிட்டது இரண்டு நல்ல முறைகளை. நம்முடையது அதில் சேராத மூன்றாவது. ‘தோல் சோதனையும் பாதுகாப்பானதுதான்னு ஆய்வே சொல்லுதே’ என்று இதற்குத் துணைக்கு அழைக்க முடியாது.

இரண்டாவது, நினைவு. பென்-ஃபாஸ்ட் கேள்விகளுக்குப் பதில் சொல்ல, எந்த மருந்து, எப்போது என்று தெரிந்திருக்கணும். ஜி.எஸ்.டி. சாலையில் ஏதோ ஒரு கிளினிக்கில் பெயர் எழுதாத பொட்டலத்தில் மாத்திரை வாங்கியவர் என்ன சொல்வார்? ‘ஏதோ ஒரு மாத்திரை, உடம்பெல்லாம் தடிச்சுது சார்.’ அது மருந்தாலா, வைரஸ் காய்ச்சலாலா? யாருக்கும் தெரியாது.

மூன்றாவதுதான் முக்கியம்: தவறான முத்திரையின் விலை. 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த பிரிட்டன் ஆய்வில், பென்சிலின் ஒவ்வாமை முத்திரை உள்ளவர்களுக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற மருந்துக்கு அடங்காத கிருமி வரும் வாய்ப்பு 69 சதவீதம் கூடுதல். மாற்று மருந்துகள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். இங்கே கணக்கு இன்னும் நீளும். நுரையீரல் தொற்றுக்கு பென்சிலின் வகை கிடையாது என்றானதும் பல நேரம் லீவோஃப்ளாக்சசின் எழுதப்படுகிறது. அது காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். இருமல் தணிவதுபோல் தெரியும், காசநோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு நம்பியிருக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று. 1928இல் டாக்டர் சௌரிமுத்து காசநோய்க்காகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் குரோம்பேட்டைக்கு அடுத்த ரயில் நிலையம். இந்த ஊரில் இந்தக் கணக்கை விட்டுவிட்டு ஒவ்வாமை பற்றிப் பேச முடியாது.

2012இல் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளைக் கட்டுப்பாட்டோடு பயன்படுத்த வேண்டும் என்று சென்னைப் பிரகடனம் வந்தது. மருந்தை யார் எழுதுவது, எப்படி விற்பது என்று நிறையப் பேசினோம். நோயாளியின் கேஸ் ஷீட்டில் இருக்கும் அந்த ஒற்றைச் சொல் ‘அலர்ஜி’ பற்றிப் பேசியது குறைவு.

என் வாதம் இதுதான்: எல்லோருக்கும் போடும் டெஸ்ட் டோஸை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தை விசாரிப்பதற்குக் கொடுக்கலாம். ஆபத்து குறைந்தவர் என்று தெரிந்தால், அட்ரினலின் கையில் இருக்க, மருத்துவமனையிலேயே ஒரு மணி நேரம் கண்காணித்து வாய்வழி சோதனை. (வீட்டில் யாரும் முயற்சிக்க வேண்டாம். தோல் உரிந்த வரலாறு இருந்தால் எங்கேயுமே கூடாது.) புதிதாக ஒவ்வாமை வந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியில் நான்கு விவரம்: மருந்தின் பெயர், தேதி, என்ன ஆனது, எவ்வளவு நேரத்தில். இது எழுதப்படாத வரை பென்-ஃபாஸ்ட் மாதிரி எந்த மதிப்பெண் முறையும் இங்கே வேலை செய்யாது.