ஒரு லட்டு போதும்

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை வீடுகளில், பள்ளி விட்டதும் ரிமோட்டுக்குப் போட்டாபோட்டி நடந்த காலம் ஒன்று உண்டு. ராஜீவ் சிலகாவின் ஹைதராபாத் நிறுவனமான கிரீன் கோல்டு தயாரித்து, 2008இல் போகோ சேனலில் வந்த சோட்டா பீம் கார்ட்டூன்தான் காரணம்.

பீமுக்கு முகமூடி இல்லை, பறக்கும் அங்கி இல்லை. இடுப்பில் ஒரு ஆரஞ்சு வேட்டி, அவ்வளவுதான். அடி வாங்கித் தடுமாறும்போது தோழி சுட்கி லட்டை வீசுவாள். வாயில் விழுந்த மறுநொடி புஜம் புடைக்கும், எதிரி பறப்பான். அதே சூரன்தான் லட்டு விற்கும் டுன்டுன் அத்தையிடம் லட்டு திருடி ஓட்டம் எடுப்பான்! அவனுடைய போட்டியாளன் காளியா வீறாப்பாய்ச் சவால் விட்டு மண்ணைக் கவ்வுவான். கூடவே ஜால்ரா போடும் டோலுவும் போலுவும் அவன் காலையே வாருவார்கள்.

மகாபாரத பீமனின் பசியையும் பலத்தையும் ஒரு பொடியனிடம் சேர்த்தே கொடுத்ததுதான் சாமர்த்தியம். வெல்ல மண்டி உள்ள பேட்டையில், இனிப்புதான் பலம் என்ற கதை எடுபடாமல் போகுமா?