சத்திரத்து நள்ளிரவு மணி

இன்று தஞ்சாவூரில் ராத்தங்கல் சுலபம். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி லாட்ஜுகள். ஆதார் அட்டை, முன்பணம், சாவி. ராமேசுவரத்துக்கு நடந்தே போன காலத்தில் யாத்ரிகர்கள் சத்திரத்தைக் கணக்கிட்டுத்தான் நடையைக் கட்டினார்கள். தஞ்சையை ஆண்ட மராட்டிய அரசர்கள் வழிநெடுகச் சத்திரம் எழுப்பினார்கள். சிலவற்றுக்கு அரண்மனைப் பெண்களின் பெயர். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள்.

கட்டடத்தைவிட அங்கே நடந்த உபசாரம்தான் எனக்குப் பிடித்தது. 1801-இல் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு, அதாவது கிழக்கிந்தியக் கும்பினியின் பிரதிநிதிக்கு, எழுதிய கடிதத்தில் அது விவரமாக இருக்கிறது. எந்தச் சாதியார் வந்தாலும் சோறு. சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசியும் சாமான்களும். நடுராத்திரியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்களைக் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். நோயாளிக்கு வைத்தியர், கைக்குழந்தைக்குப் பால், பிள்ளைத்தாய்ச்சிக்குத் தனிக் கவனிப்பு. வழியில் இறந்தவருக்கு அவரவர் முறைப்படி ஈமச்சடங்குகூட உண்டு. (பந்திகள் அன்றைய வழக்கப்படி வேறு வேறுதான், அதை மறைப்பதற்கில்லை.)

இத்தனைக்கும் வேண்டிய செலவு நெல்லிலிருந்து வந்தது. சத்திரங்களுக்கென்று நிலங்களை எழுதிவைத்திருந்தார்கள். காவிரி பொய்க்காத வரை அடுப்பு அணையாது. கும்பினிக்காரர்கள் அந்த மானியத்தில் கைவைத்துவிடக் கூடாதே என்பதுதான் சரபோஜியின் கவலை. அந்தக் கடிதத்தின் சாரமும் அதுவே.

மறுவருடம், 1802-இல், முக்தாம்பாள் சத்திரம் எழுந்தது. பட்டுக்கோட்டை போகிறவர்கள் ஒரத்தநாட்டில் இறங்கி அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம். சாப்பாட்டை மட்டும் வெளியேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.