ஜாக்கில் தெரிந்த முறுக்கு

கிள்ளானில் ஒரு பின்சந்துப் பட்டறை. என் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐயின் முன்மூலையில் ஜாக்கைக் கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினார் போர்மேன் அண்ணன். அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து சாத்தச் சொன்னார். பூட்டு கொண்டியில் இடித்தது. ஓங்கி அடித்த பிறகுதான் மாட்டியது. "பாத்தியா தம்பி, உடம்பு முறுக்கிக்குது. முறுக்கைத் தடுக்குற பார் வாங்குறது அப்புறம். மொதல்ல கார்பெட்டைத் தூக்கு."

1998இல் வந்த இந்தக் காரின் கையாளுமையைச் செதுக்கியவர்கள் லோட்டஸ் பொறியாளர்கள். ஆனாலும் இது மூன்று கதவு ஹேட்ச்பேக். கதவு வாய் அகலம், பின்பக்கம் பெரிய திறப்பு, பின்சீட்டுக்குப் பின்னால் தடுப்புச் சுவர் கிடையாது. மூடியைக் கழற்றிய அட்டைப்பெட்டியைப் பிடித்து முறுக்கினால் என்ன ஆகுமோ, வளைவில் இதற்கும் அதுதான் ஆகிறது. உடம்பு இப்படி வளைந்தால் அதுவும் ஒரு ஸ்பிரிங்தான், நம்மால் திருகிச் சரிசெய்ய முடியாத ஸ்பிரிங். அப்சோபரை எவ்வளவு திருகினாலும் பலன் டயருக்குப் போய்ச் சேராது.

கார்பெட்டுக்கு அடியில் துரு இருந்தது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டில் புள்ளி வெல்டிங் இரண்டு விட்டுப்போயிருந்தது. 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய கார் வாங்குகிற யாரும் இந்த இடத்தைப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. தகட்டை வெட்டிப் புதிது வைத்தோம். நைந்த ரப்பர் புஷ்களை மாற்றினோம். பார் எதுவும் மாட்டாமலே கார் பாதி இளமையானது.

அடுத்து, முன்பக்க அப்சோபர் கோபுரங்கள் இரண்டையும் இணைக்கும் டவர் பார். வளைவில் வெளிப்பக்க அப்சோபர் தன் கோபுரத்தை உள்ளே தள்ளும். பார் அந்தச் சுமையை மறுகோபுரத்துக்கும் பங்கு போடும். இரு முனையிலும் போல்ட்டில் மடங்குகிற பாரை வாங்காதீர்கள், அந்த மடக்கிலேயே பிடிப்பு கரைந்துவிடும். ஒரே துண்டாக வெல்டிங் செய்தது வேண்டும். சிப்பாங் பந்தயத்தடத்தின் 5, 6ஆம் வளைவுகளில் இடமும் வலமும் வேகமாக மாறும்போது ஸ்டியரிங் சற்றுக் கூர்மையானது. அவ்வளவுதான். சில நூறு ரிங்கிட்டுக்கு அது நியாயம்.

காரின் அடியில் மாட்டும் கீழ்ப் பார்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வேகத்தடையில் முதல் வாரமே உரசி வளைந்தன. பந்தயத்தடத்திலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கழற்றிவிட்டேன்.

உண்மையில் காரை மாற்றியவை இரண்டு. ஒன்று, தையல் வெல்டிங். தொழிற்சாலைப் புள்ளிகளுக்கு நடுவே தகடுகள் சும்மா ஒட்டி நிற்கும். அங்கே சிறுசிறு கோடுகளாக வெல்டிங் வைத்தால் மூட்டு நழுவாது. 1996இல் லோட்டஸ் எலிஸின் அலுமினியச் சட்டத்தைப் பசையால் ஒட்டியதற்குப் பின்னாலும் இதே நியாயம் உண்டு: சுமை ஒரு புள்ளியில் குவியாமல் மூட்டு நெடுகப் பரவும். ஆனால் மோதலில் நசுங்க வேண்டிய முன்பகுதியில் கை வைக்கக் கூடாது. வெந்த இடத்துக்கெல்லாம் உடனே துருத் தடுப்புப் பூச வேண்டும், நம் ஊர் ஈரம் காத்திருக்காது.

இரண்டு, தரையோடு வெல்டிங் செய்த ரோல் கேஜ் என்ற குழாய்க் கூண்டு. ஓட்டுநருக்குப் பின்னால் வருகிற முதன்மை வளையத்துக்கு 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் கனம் கொண்ட குழாய், மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ விதிப்படி போதும். குறுக்குக் குழாய்கள் முக்கோணமாக நின்று அப்சோபர் கோபுரங்கள் வரை போனால்தான் விறைப்பு வரும். செலவும் எடையும் இதில்தான் அதிகம். தினமும் ரோட்டில் ஓட்டும் காருக்கு இது வேண்டவே வேண்டாம். ஹெல்மெட் இல்லாத தலை அந்தக் குழாயில் மோதினால் உயிருக்கே ஆபத்து.

வேலை முடிந்ததும் அதே மூலையில் ஜாக் கொடுத்தார் அண்ணன். கதவு இரண்டு விரல் தள்ளலில் 'டக்'கென்று மூடியது.

சிப்பாங்கில் 14ஆம் வளைவு, திரும்பிக்கொண்டே பிரேக் பிடிக்க வேண்டிய இடம். முன்பெல்லாம் அங்கே பின்பக்க அப்சோபரில் நான்கு கிளிக் மாற்றினாலும் எனக்கு ஒன்றும் தெரியாது. போன முறை ஒரே ஒரு கிளிக் இறுக்கினேன். அடுத்த சுற்றிலேயே பின்பக்கம் வெளியே நகரத் தொடங்கியது. பிட்டுக்குத் திரும்பி அதைத் தளர்த்தினேன்.